முன் அனுபவம்

புதுவயல் மில்லில் மெஷின் இறங்கிய அன்று
எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டினார்கள்.
மறுநாள் எங்கள் பன்னிரண்டு பேரின் முறத்தையும்
எண்ணி வாங்கிக்கொண்டார் மேனேஜர்.

என்னை மட்டும் கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டார்கள்.
திறமை ஒன்றுமில்லை,
வீடு பக்கம்.

அரிசி சரிந்து விழும்,
கேமரா பார்க்கும்,
ஆகாததைக் காற்று சுட்டுத் தள்ளும்.
டப். டப். டப்டப்.
ஒரு நொடிக்கு எத்தனை மணி என்று கேட்டேன்.
சிரித்தார்கள்.

கழிவு மூட்டையைப் பெருக்கித் தள்ளும்போது பார்த்தேன்,
பாதி நல்லரிசி.

கோயம்புத்தூரிலிருந்து வந்த நிரஞ்சன்
மூன்று நாளாக லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
"பூராத்தையும் கறுப்புங்குதுக்கா."
உள்ளங்கையில் பத்து மணி எடுத்து நீட்டினேன்.
"இது கறுப்பில்ல தம்பி, நனஞ்சு காஞ்ச பழுப்பு, வெந்தா வெளுத்துரும்.
இது வயித்து வெள்ளை, ஊறல் பத்தல.
இது பூச்சி கடிச்சது.
இது அவியல்ல கீறுனது.
இது ஒண்ணுமில்ல, நம்ம பல்லு மாதிரி,
கொஞ்சம் மஞ்ச, அவ்வளவுதான்."

"மொத்தம் எத்தனை வகைக்கா?"
இருபத்திரண்டு வருசத்தில் எண்ணியதில்லை.
அன்று எண்ணினோம்: இருபத்து மூன்று.
ஆறுக்குப் பெயரே கிடையாது, நான் வைத்தேன்.
வெளியே பளபளப்பு, எவ்வளவு வெந்தாலும் உள்ளே வேகாதது ஒன்று;
அதற்கு என் மாமியார் பெயர்.

இப்போது காரைக்குடியில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில்
எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி.
திரையில் ஒரு மணி அரிசி தேங்காய் பருமன்.
விசிட்டிங் கார்டில் வெ. வள்ளிக்கண்ணு,
கீழே எனக்கே வாய்க்குள் வராத ஒரு பதவி.
தாய்லாந்து மில்லிலிருந்து அறிக்கை வருகிறது:
'காளியம்மை 0.4 சதவீதம்.'

வேலைக்குச் சேர்ந்தபோது
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டிருந்தாள் ஆபீஸ் பெண்.
நிரஞ்சன் அடித்துவிட்டு 22 என்று எழுதினான்.
சம்பளம் பூஜ்யத்துக்கு உரியதாகவே
ஆறு மாதம் வந்தது.

பதினொரு பேரில் நாலு பேரைக் கூப்பிட்டேன்.
இரண்டு பேர் வந்தார்கள்.
மௌஸை முறம் போலத் தூக்கிப் புடைத்தாள் அமராவதி,
ஆபீஸே சிரித்தது, அவளும்தான்.

பாண்டிச்செல்வி வரவில்லை.
அறந்தாங்கி பஸ்ஸில் எதிர் சீட்டில் வாய்த்தாள் ஒருநாள்.
ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:
"நீ சொல்லிக் குடுத்துத்தான் அது எங்கள அனுப்புச்சு."

தேதி தப்பு.
அவர்களை அனுப்பிய பிறகுதான் நான் சொல்லிக் கொடுத்தேன்.
அதைச் சொல்ல வாய் எடுத்தேன்.
தேதி நேரானாலும்
கணக்கு எங்கோ இடித்தது.
கல்லூர் விலக்கில் இறங்கிப் போய்விட்டாள்.

நேற்று ராத்திரி,
ரேஷன் அரிசிச் சோறு, புளிக்குழம்பு.
தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய ஒன்றை
மறுபடி எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
பழுப்பில்லை, கீறலில்லை,
வெள்ளையில் ஒரு நூல் சிவப்பு.
இருபத்து மூன்றில் எதுவும் இல்லை.

போனில் நாலு பக்கமும் படம் எடுத்தேன்.
பெயர் கேட்டது கட்டம்.
பாண்டிச்செல்வி என்று அடித்துவிட்டேன்,
விரல் தானாகவே.

பிறகு உறைத்தது:
பெயர் வைத்தால்
மெஷின் அதையும் சுட்டுத் தள்ளும்.

ஒவ்வொரு எழுத்தாய் அழித்தேன்.
24 என்று மட்டும் போட்டு அனுப்பினேன்.
மணியை வாயில் போட்டு
மென்றேன்.