கீழ்த்தளம்

குட்டாய்ஸி நகரத்து மருத்துவமனையில்
நான்கு மாடிக்கும் கீழே ஒரு தளம் உண்டு.
லிஃப்டில் அதற்கு எண் கிடையாது,
தேய்ந்துபோன ஓர் அம்புக்குறி மட்டும்.
அங்கே மக்வாலா விரிப்புகள் துவைக்கிறாள்,
இருபத்திரண்டு வருடமாக.

மேலேயிருந்து தகரக் குழாய் வழியே
துணிகள் விழுந்துகொண்டே இருக்கும்.
பிரசவ அறையின் ரத்தம், காய்ச்சல்காரரின் வேர்வை,
யாரோ சிந்திய பீட்ரூட் சூப்.
எது யாருடையதென்று அவள் கேட்டதில்லை.
எல்லாவற்றுக்கும் அதே வெந்நீர்,
அதே சோடா.

பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டும்.
நான்காம் மாடி, பதினேழாம் கட்டில்.
விரிப்பின் ஓரத்தில் நீல நூலால் தைத்த எண்.
பத்து இரவாக அதன்மேல் கிடந்தான்
பத்தொன்பது வயது பேக்கா,
மோட்டார் சைக்கிளுக்குக் கடன் பாக்கி வைத்தவன்,
அவள் மகன்.

பதினோராம் நாள் விடியற்காலை ஐந்து இருபதுக்கு
அந்த விரிப்பு குழாயில் இறங்கியது.
மாற்றிப் போட்டிருக்கிறார்கள், நல்லது, என்று நினைத்தாள்.
கறை போகத் தேய்த்தாள்.
டாக்டர் படியிறங்கி வந்து
வாசலில் தொப்பியைக் கழற்றியபோது
அது பாதி காய்ந்திருந்தது.

நாற்பதாம் நாள் வீட்டுக்கு வந்த குருவானவர்
கர்த்தருடைய சித்தம் என்று தொடங்கினார்.
அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தவள்
அவர் கிளம்பும்வரை சமையலறையிலேயே நின்றாள்.
அடுப்பு எரியவே இல்லை.
திருவுருவத்தின் முன் விளக்கும் எரியவில்லை.
எண்ணெய் இருந்தது, தீப்பெட்டி இருந்தது,
கைதான் போகவில்லை.

மே மாதத்தில் ஓர் இரவு மின்சாரம் போயிற்று.
மேலே ஜெனரேட்டர் உறுமியது;
கீழ்த்தளத்துக்கு அதில் பங்கில்லை.
ஆறு இயந்திரமும் நின்றன.
அந்த அறையின் அமைதி எப்படியிருக்கும் என்பதை
அன்றைக்குத்தான் கேட்டாள்.

அவள் ஜெபிக்கவில்லை, திட்டினாள்.
சந்தையில் பன்றி விற்பவர்கள் வாயில் புழங்குவதெல்லாம்
தடையின்றி வந்தது.
"மாடியிலேயே இரு," என்றாள்.
"உனக்கென்ன, அங்கே காற்றோட்டம்!"
தொண்டை வற்றியது.
சும்மா இருக்கத் தெரியாத கைகள்
இருட்டிலேயே ஒரு விரிப்பை எடுத்து
மடிக்கத் தொடங்கின.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும்.
எதிர்முனை பிடித்துக்கொண்டிருந்த ட்ஸியாலா
ஓய்வுபெற்று ஒரு வருடம்.
அதிலிருந்து தாடையில் கவ்வி, முழங்காலில் இடுக்கி,
தரையில் புரண்டதை மறுபடி உதறி
ஒற்றையாளாகத்தான் மடித்தாள்.
அன்றைக்கு இழுத்தாள்.
எதிர்முனை நின்றது.

விழவில்லை. தொய்யவில்லை.
இழுத்தால் இழுபட்டு, விட்டால் விட்டு,
அவள் மூக்கைச் சிந்தும்வரை
பொறுத்திருந்தது.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
காரணம் சொல்லி யாரும் வாய் திறக்கவுமில்லை.
ஈரச் சோப்பு வாசனை. எங்கோ சொட்டும் தண்ணீர்.
அறையில் ஓராள் கூடுதல்.

இறங்கி வந்தானா, இரங்கி வந்தானா,
எழுதுகிற எனக்கு ஓரெழுத்துச் சந்தேகம்.
அடியில் நின்றவளுக்கு
அந்த ஓரெழுத்தும் இல்லை.

அழுதாள்.
முனையை விடாமல் அழுதாள்.

வெளிச்சம் வந்தபோது பார்த்தாள்:
மறுமுனை தள்ளுவண்டிக் கைப்பிடியில்
மாட்டிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் அந்தத் துருப்பிடித்த கைப்பிடியையே பார்த்தாள்.
"சரி," என்றாள். "அப்படியே இரு.
இன்னும் பதினாலு இருக்கு."

இயந்திரங்கள் விட்ட இடத்தை மறந்து
முதலிலிருந்து சுற்றத் தொடங்கின.
குழாயில் தொப்பென்று ஒரு மூட்டை.
அவள் பையைத் திறந்து
சோள ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்தாள்,
உப்பு அதிகம் என்று முணுமுணுத்தாள்,
முழுவதையும் தின்றாள்.