தாங்குமா

சாலைத் துறை அவளுக்குக் கொடுத்திருப்பது
ஒரு துளைக்கருவி, கொக்கி வைத்த அளவுகோல்,
ஆரஞ்சு நிற மேல்கோட்டு.
தீவுக்கும் கரைக்கும் நடுவே
கடல் உறைந்துவிட்டதா என்று துயிரே சொல்ல வேண்டும்.
சொன்ன பிறகுதான் கார்கள் இறங்கும்.
தாங்குமா துயிரே, என்பார்கள் கடைவாசலில்,
ரொட்டிக்குச் சில்லறை எண்ணியபடி.
தாங்கும் என்பாள். அல்லது
வியாழன் வரை பொறுங்கள் என்பாள்.
ஒன்பது குளிர்காலங்களில்
ஒரு சக்கரம்கூட உள்ளே போனதில்லை.

தங்குமா என்று
அவள் போய்க் கேட்க ஒருவரும் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் மார்பு கனக்கும்,
கோட்டின் பட்டை அழுந்தினால் சுள்ளென்னும்.
இருபத்து நான்கில் நாக்கில் செம்புக் காசு.
இருபத்தைந்தில் காபி குமட்டும்.
பின்லாந்தில் ஒருத்தி காபியை மறுத்தால்
மாலைக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும்;
ஆகவே கோப்பையை ஏந்தியே நிற்பாள், ஆறும்வரை.
கழிப்பறையில், துடைத்த காகிதத்தை
விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.
வெள்ளை.
மறுபடி வெள்ளை.
வந்துவிட்டேன் என்பதற்கும் வரவில்லை என்பதற்கும்
உடம்பு வைத்திருப்பது ஒரே சொற்கள்.

பனிக்கட்டி அப்படி ஏமாற்றாது.
கறுப்பாய்த் தெரிந்தால் கெட்டி.
பால்நிறம் என்றால் பாதிதான் நம்பலாம்.
முனகினால் பயமில்லை,
சத்தமே இல்லையென்றால் நின்றுவிட வேண்டும்.

நகரத்து மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டார்:
குழாய், முட்டை, யார்னோவின் சின்னக் குப்பி.
ஒரு குறையும் இல்லை என்று கைகுலுக்கினார்.
குறை என்று ஒன்று இருந்தால்
அதன் ஆழத்தையாவது அளந்திருப்பாள்.
எதற்கும் யார்னோ
சவுனா சூட்டில் உட்கார வேண்டாம் என்றார்.
பதினான்கு மாதமாக அவன் உட்காரவில்லை.
அவளும் பின்பாதி நாட்களில் போவதில்லை,
யாரும் சொல்லாமலே.

நினைக்காமல் இருங்கள் அண்ணி, தானாக உண்டாகும் என்கிறாள்
மூன்று பெற்ற கைசு.
நினைக்காமல் இருப்பதை
எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது?

இன்று முப்பத்தொன்று.
நாள் தள்ளியிருக்கிறது, மூன்று.
சொல்லவில்லை அவனிடம்.
அவனும் கேட்கவில்லை; ஆனால் காலையில்
துளைக்கருவியைத் தானே தூக்கிச் சறுக்குவண்டியில் வைத்தான்.
எண்ணெய்க் கம்பெனி நாட்காட்டியில்
பென்சிலால் மெல்லிய மூன்று புள்ளிகள் இருந்தன,
அவள் வைத்தவை அல்ல.

ஐந்தாவது துளையின்போது
இடுப்பில் அந்தப் பழைய இழுப்பு.
அப்புறம் ஈரம்.
மைனஸ் பதினெட்டில், அந்தக் கடல் முழுவதிலும்
சூடாக இருந்தது அது ஒன்றுதான்.
குனிந்து பார்க்கவில்லை.
நான்கு அடுக்கு உடுப்பை
எங்கே நின்று அவிழ்ப்பது?
துளையில் நீர் மெல்ல ஏறி
விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது.
கொக்கியை விட்டாள், அடியில் மாட்டி இழுத்தாள்,
எண்ணை எழுதினாள்.
பிறகு ஆறாவது.
மொத்தம் பன்னிரண்டு துளை, பன்னிரண்டும் போட்டாள்.
திறக்கலாமா, என்றார் ஓஸ்மோ, வானொலியில்.
இன்னும் இல்லை என்றாள்.
குரல் சரியாகத்தான் வந்தது.

மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர்.
வேலை முடிந்து வளைவில் திரும்பிய யார்னோ
சவுனாப் புகைபோக்கியைப் பார்த்தான்.
புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது.
வண்டியை அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தான்.

பிறகு பூட்ஸைக் கழற்றி,
உடை மாற்றும் அறைத் தரையில்
கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்தான்.
மரப்பலகைக்கு அந்தப் பக்கம்
கல்லில் நீர் விழுந்து சீறியது.
அழுகிறாளா என்று தெரியவில்லை;
சவுனாவில் எல்லா முகமும் நனைந்துதான் இருக்கும்.

எத்தனை, என்றான் கடைசியில்.

முப்பத்தெட்டு.
நாற்பது வேண்டும்.

குளிர் இன்னும் பாக்கி இருக்கிறது, என்றான்.
முதுகில் கதவு
கதகதப்பாகிக்கொண்டிருந்தது.