மழைக்கணக்கு, நாகலூர்

ஏற்காட்டிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸில்
இருபது வளைவுக்கும் மடியை விட்டு இறக்காமல்
துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் பெட்டியை
எஸ்டேட் ரைட்டர் சவரியப்பன்.
'இன்னும் சூடா இருக்குதுங்க' என்றார்,
உயிர் இருப்பதற்கு அது அடையாளம் என்பதுபோல.

அரிசிபாளையத்தில் மாடியில் என் கடை.
கீழே ஜவ்வரிசி மூட்டை ஏற்றுகிறார்கள்.
லாரிக்கு லாரி மேசை அதிரும்.
அதனால் டிஸ்க்கைத் தொடுவது இரவில்தான்.

உள்ளே இரண்டு.
ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் விழும்,
கண்ணாடி என்போம் தொழிலில்.
ஒரே அட்டைப்பெட்டியில் வந்தவை,
வரிசை எண் 17, 18 என்று முடிகிறது.
ஒரே நாளில் பிறந்து, ஒரே சூட்டில் சுழன்று,
ஒரே மாதிரி தேய்ந்த இரண்டு
ஒன்றையொன்று காப்பாற்றும் என்று
ஆபீஸில் யாரோ நம்பியிருக்கிறார்கள்.

17 போன ஐப்பசியிலேயே விலகிவிட்டது.
சிவப்பு விளக்கு எரிந்திருக்குமே?
'எரிஞ்சதுங்க. கண்ணைக் குத்துச்சு.
காலண்டர் அட்டையைச் சாத்தி வெச்சேன்.'
எட்டு மாதம் 18 தனியாக எழுதியிருக்கிறது,
எதிரே யாருமில்லாத கண்ணாடி.

முதல் விதி, எழுதாதே.
சரிசெய்யட்டுமா என்று கேட்கும் எதற்கும்
ஆம் என்று அழுத்தாதே.
நகலெடு. மல்லுக்கட்டுவதை நகலோடு வைத்துக்கொள்.

18 பல்லி மாதிரி ச்சுக் ச்சுக் என்றது.
எந்தத் திசைப் பல்லிக்கு என்ன பலன் என்று
பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும்.
இந்தப் பல்லிக்கு எல்லாத் திசையும் ஒரே பலன்.

மூன்று இரவு.
18 தராத கட்டத்தை 17-இல் தேடினேன்.
17-இல் பழசாகிப்போனதை 18-இடம் கெஞ்சினேன்.
கட்டத்துக்குக் கட்டம் ஒரு சரிபார்ப்பு எண்,
போட்டுப் பார்த்தால் பொருந்த வேண்டும்.
இரண்டிலும் கிடைக்காத இடத்தில்
மென்பொருள் பூஜ்யத்தை நிரப்பப் பார்த்தது.
தடுத்தேன்.
மழைக்கணக்கில் பூஜ்யம் ஒரு பதில்:
போனேன், பார்த்தேன், குடுவை காய்ந்திருந்தது.
படிக்க முடியாத நாளுக்கெல்லாம்
கேள்விக்குறி போட்டேன்.

நாலாம் நாள் விடியலில் திறந்தது,
படிக்க மட்டும் என்ற பூட்டோடு.
ஒன்பது வருஷத்து மழை.
தினம் ஒரு கோப்பு. காலை எட்டரை, மி.மீ., குறிப்பு.
'மிளகுக் கொடி சாய்ந்தது.'
'காட்டெருமை வேலியை முறித்தது.'
'பனி. குடுவை இருக்கும் இடமே தெரியவில்லை.'

கோப்பின் பக்கத்தில் அது எழுதப்பட்ட நேரமும் வரும்.
எட்டு நாற்பது, எட்டு நாற்பத்திரண்டு, எட்டு நாற்பது.
ஒரு ஜூலை மட்டும்
முப்பத்தொரு கோப்பும் ஆகஸ்ட் இரண்டு,
இரவு பதினொன்று பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில்.
14.2
6
0
0
31.5
நம்பும்படியான மழை.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
கீழே ஒரு லாரி பாட்டுப் போட்டபடி பின்னால் வந்தது.
'பாப்பாவுக்கு டெங்குங்க அந்த மாசம்.
இங்க பெரியாஸ்பத்திரியிலதான் கெடந்தோம்.
சேலத்துல பேஞ்சா மேலயும் பேஞ்சிருக்கும்னு
வார்டு ஜன்னல்ல பாத்த கணக்குங்க அது.'
நான் கேட்பதற்குள்,
'இப்ப பி.காம். ரெண்டாவது வருஷம்' என்றார்.

சரிபார்ப்பு எண் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது,
அந்த முப்பத்தொன்றுக்கும்.
எழுதியது எழுதியபடியே இருக்கிறதா என்றுதான்
டிஸ்க் பார்க்கும்.
வார்டு ஜன்னலையும் அது
பத்திரமாக இரண்டு பிரதி எடுத்திருந்தது.

புதுசு இரண்டை வேறு வேறு கடையில் வாங்குங்கள்,
மாதமும் வேறாக இருக்கட்டும்.
மூன்றாவது பிரதி மலையில் வேண்டாம், கீழே வையுங்கள்.
காலண்டர் அட்டையை முதலில் எடுங்கள்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
பில்லை மடித்துப் பையில் வைத்தார்.

படியில் பாதி இறங்கியவர் திரும்பி ஏறி வந்தார்.
'அந்தக் கேள்விக்குறி எந்தப் பட்டனுங்க?'
காட்டினேன்.
பில்லைப் பிரித்துப் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.
'முப்பத்தொண்ணு வேணுங்க' என்றார்.