எஸ்

கச்சேரியடியில், போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறையில்
பக்கத்துக்கு அறுநூறு ரூபா என் ஆங்கிலம்.
முத்திரையும் கையெழுத்தும் அதற்குள் அடக்கம்.

அடைப்புக்குறி எனக்குத் தண்ணிபட்ட பாடு.
வசனத்தின் நடுவே வந்தால்
முற்றுப்புள்ளி வெளியே நிற்கும்,
கோயில் வாசலில் கழற்றிய செருப்பாய்.
முழு வசனமும் உள்ளே போனால் மட்டும்
புள்ளியும் கூடவே போகலாம்.
திறந்ததை மூடாமல் விடக்கூடாது.
உள்ளிருப்பதை எடுத்தெறிந்தாலும்
வசனம் சாயாமல் நிற்கவேண்டும்,
அதுதான் சோதனை.

இன்றைக்கு வந்தவ புவனலோஜினி, கொண்டாவில்.
மகளுக்கு மெல்பேர்ணில் படிப்பு,
விசாவுக்குச் சொத்து விபரம்.
கணவர் கைப்பட எழுதிய தமிழ்:
கேதீஸ்வரன் (மனைவியும்)
ஒரு கல்வீட்டுக்கும் ஆறு பரப்புத் தோட்டத்துக்கும்
உரித்தாளர்.

தமிழில் ஒன்றும் தெரியவில்லை.
அந்த ‘அர்’
மரியாதைக்கும் பன்மைக்கும் ஒரே உடுப்பு.
ஆங்கிலத்தில் தெரிந்துவிட்டது.
வாசித்துக் காட்டச் சொன்னா, காட்டினேன்.
“ஓன்ஸ் எண்டால் ஒராள் எல்லோ?”

ஓமக்கா. அடைப்புக்குள் நிற்கிற ஆளை
வினைச்சொல் எண்ணாது.
விதி அப்பிடி, நான் போட்டதில்லை.

மின்விசிறி ஒருக்கால் கறகறத்தது.
“யன்னல் எட்டும் என்ர சீட்டுக்காசு.
கிணத்துக் கல்லுக்கு
எத்தினை பள்ளிக்கூடச் சட்டை தைச்சன்.
எண்ணாதோ?”

சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன் நான்.
மூலத்தில் இருப்பதைக்
கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.
(இதையும் சொன்னேன். அவ சிரிக்கவில்லை.)

போன் எடுத்தா.
“ரெண்டு வளைவை வெட்டப்போறன்,
வந்து பக்கத்தில சைன் வையுங்கோ.”

நாற்பது நிமிடத்தில் வந்தார்,
சட்டையெல்லாம் வெங்காயச் சருகு.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“உதால என்ன வித்தியாசம்?”
ஒரு எஸ், என்றேன்.
“ஒரு எஸ்ஸுக்கோ என்னைத்
தோட்டத்தில இருந்து கூப்பிட்டனீர்?”
அவ பதில் சொல்லாமல் பேனையை நீட்டினா.
வைத்தார்.

திறப்பை அழித்தேன், மூடலை அழித்தேன்,
பிறகு அந்த எஸ்ஸை.
புதுப் பக்கம் சூட்டோடு வெளியே வந்தது.
திருத்தத்துக்குக் காசில்லை என்றேன்,
கேட்டதாய்க் காட்டிக்கொள்ளவில்லை.

வெளியே அவர்
மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருக்க,
வாசற்படியில் நின்று
அந்தச் சொல்லை மட்டும்
வாய்க்குள் சொல்லிப் பார்த்தா:
ஓன்.