இடையினம்

கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு.
கரண்டியால் சுரண்ட
நகத்துண்டு போல ஒன்று கழன்றது.
நாலாம் மாடி மிசிஸ் அருளம்பலம் சொன்னா:
"மெஷின் ஒன்று பூட்டுங்கோ.
எங்கட வீட்டில பூட்டின பிறகு
இவருக்குத் தலைமயிர் கொட்டுறது நின்றிட்டுது."
இவர் தலையில் கொட்ட மிச்சமில்லை என்பதை
நான் சொல்லவில்லை.

வியாழன் காலை ரிஸ்மி வந்தான்,
கழுத்துப்பட்டியும் நனைந்த சப்பாத்துமாய்
காலி வீதியிலிருந்து நடந்தே.
பேனா போல ஒரு கருவியைக் கோப்பையில் தோய்த்தான்.
முந்நூற்று நாற்பது.
"பார்த்தீங்களா மேடம்?"
பார்த்தேன். ஓர் இலக்கம்.
அது நல்லதா கெட்டதா என்று
இலக்கத்துக்கும் தெரியாது.

பிறகு இரண்டு கம்பிகளை இறக்கி
மின்சாரம் கொடுத்தான்.
தண்ணீர் பழுத்து, நுரைத்து,
மழைக்கு மறுநாள் வெள்ளவத்தைக் கால்வாயாய்க் கலங்கிற்று.
சுகிர்தன் கதிரையோடு பின்வாங்கினார்.
"இதையா இவ்வளவு நாளும் குடிச்சனாங்கள்?"

உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு எஸ் எடுத்தவள் நான்.
இருபத்தொரு வருடம் கழித்து
அந்த எஸ்ஸுக்கு ஒரு வேலை வந்தது.
கரைஞ்சது தண்ணியின்ட ஊத்தை இல்லைத் தம்பி,
உங்கட கம்பி.

சிரித்தான். பயிற்சியில் இதற்குப் பதில் இல்லைப் போலும்.
ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் என்ற பிரசுரத்தை
மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மென்னீர் நுரைக்கும்.
வன்னீரில் சவர்க்காரம் தயிர்போலத் திரையும்.
பாடப்புத்தகத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.
சோடாப் போத்தலில் சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்கினேன்.
குசினிக் குழாய், மாலை ஆறு மணி:
கழுத்துவரை நுரை.
அதே குழாய், விடிய ஐந்து மணி:
சாம்பல் நிறத்தில் சோம்பலாய் ஒரு படலம்.
நாங்கள் தேத்தண்ணிக்குக் கேத்தில் நிரப்பும் நேரம்.

இரவில் தண்ணீருக்குக் குணம் மாறுமா?

பதினொன்றரைக்குப் படியிறங்கிப் போனேன்.
வாகனத் தரிப்பிடத்தின் பின்னால் மோட்டார் உறுமியது.
காவலாளி பியதிலக சாரத்தை அவிழ்த்துவிட்டு எழும்பினான்.
"குழாய்க்கிணறு மிஸ். கமிட்டிதான் சொன்னது.
பில் கூடுது."

பகலில் களனி ஆறு வருகிறது,
அம்பத்தலையில் குளித்துத் தலைசீவி.
இரவில் இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் கடல்
நிலத்துக்கடியால் வருகிறது.
மொட்டைமாடித் தாங்கியில் இருவரும் ஒரே படுக்கை.
வல்லினமும் இல்லை, மெல்லினமும் இல்லை.
ஆறாம் ஆண்டில் எழுத்துகளுக்குப் படித்தது
தண்ணீருக்கும் இருக்கிறது.

ஞாயிறு கூட்டத்தில்
கிணற்றை நிறுத்தலாம் என்று ஐந்து கைகள்.
அதில் ஒன்று சுகிர்தனுடையது,
காதுவரை உயர்ந்து, தலையைச் சொறிந்த கை.
மிசிஸ் அருளம்பலம் உயர்த்தவேயில்லை.
அவவிடம் மெஷின் இருக்கிறது.

ரிஸ்மி மறுபடி எடுத்தான்.
உங்கட வீட்டில என்ன பூட்டியிருக்கு, கேட்டேன்.
கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல் மட்டும்.
"நாங்க கொலன்னாவ மேடம். பைப் தண்ணிதான்.
உம்மா காய்ச்சி வைப்பா."

இப்போது பத்து மணிக்கே
கேத்திலையும் இரண்டு வாளியையும் நிரப்பி மூடுகிறேன்.
சனிக்கிழமைகளில் தேசிக்காய் பிழிந்து கொதிக்கவிட
பொருக்கு கழன்று மிதக்கிறது.
கறலுக்குச் சின்ன வடிகட்டி ஒன்று போதும் என்கிறேன்,
மூவாயிரம் ரூபாய்.
பிரசுரம் இன்னும் பிரிட்ஜின் மேல்.

கீழே மோட்டார் தொடங்குகிறது.
இருட்டில் சுகிர்தன் புரண்டு படுக்கிறார்:
"தவணை எத்தனை மாதம் என்றவன்,
பன்னிரண்டா, பதினெட்டா?"