கை கழுவிய பின்

கந்திகுப்பம் தாண்டி, பர்கூர் சாலையில்
கூழ் ஆலையின் சின்ன ஆய்வகம்.
மே முதல் ஜூலை வரை
மாம்பழத்துக்குச் சர்க்கரை பார்ப்பது என் வேலை.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு,
விளக்குக்கு நேரே ஒரு கண்.
நீலமும் வெள்ளையும் பிரிகிற கோட்டில்
பெங்களூரா பதினான்கு, செந்தூரா பதினாறு.
லாரிக்கு லாரி எழுதிக் கையெழுத்திடுவேன்,
வெ. நாகவேணி.

எனக்குப் பார்ப்பதும் ஒரு சொட்டில்தான்.
நோட்டு மட்டும் வேறு.

காவேரிப்பட்டணத்து நர்ஸ் ஜெபக்கனி
மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தாள்:
விடிந்ததும், வாயில் காபி படும் முன்.
சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து.
அந்த இரண்டு மணி
முதல் வாயிலிருந்து, கடைசி வாயிலிருந்து அல்ல;
இது விளங்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.
வண்டியை எடுக்கும் முன்.
காய்ச்சல் என்றால் அடிக்கடி.
ஊசியின் அளவை மாற்றினால்
அந்த வாரம் முழுக்க.

"ஏதோ மாதிரி இருக்குன்னா?" என்று கேட்டேன்.
"அப்பவே பாரு.
ஏதோ மாதிரிக்கு மணி கிடையாது."

பட்டை ஒன்று இருபது ரூபாய்.
மாதக் கடைசியில்
பட்டையை மிச்சம் பிடித்து
பயத்தை மட்டும் பார்த்துக்கொண்ட நாட்களும் உண்டு.
அவற்றின் கட்டங்கள் நோட்டில்
வெள்ளையாகவே இருக்கின்றன.

மே இருபத்தேழு, இரவுப் பணி.
வாசலில் முப்பது லாரி.
எட்டு மணிக்கு ஊசி போட்டாயிற்று.
களி டப்பா திறக்காமலே
மேசைக்கடியில் கிடந்தது,
இதோ, இந்த லாரி முடியட்டும் என்று.

இரண்டே முக்காலுக்கு
நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு
இரண்டானது.
ஏழு போட நினைத்த பேனா
எங்கேயோ போனது.
ஜாக்கெட் முதுகோடு ஒட்டியது.
ஏதோ மாதிரி.

குத்தினேன். 206.
அப்பாடா, கூடுதல்தான்,
சாப்பிடாதது நல்லதாய்ப் போயிற்று என்று
நாற்காலியில் சாய்ந்தேன்.
வெளியே ஒரு டிரைவர் ஹாரனை அழுத்தினான்.
அது வெகு தூரத்தில்,
சூளகிரிப் பக்கம் எங்கோ கேட்டது.

மாதிரி எடுக்க வந்த அம்சாதான் பார்த்தாள்.
"அக்கா, உங்க விரலு."
நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டு வரை
மஞ்சள்.

குழாயடிக்கு அவள் தோளில் சாய்ந்து போனேன்.
சோப்புப் போட்டாள், துடைத்தாள்,
மறு கையில் வேறு விரலைப் பிடித்துக் குத்தினாள்.
54.

கை கழுவுவது என்றால்
விட்டுவிடுவது என்றே நினைத்திருந்தேன்.
என் அண்ணன்மார் அப்படித்தான் கழுவினார்கள்.

ஆறு வருடம்
மோந்து மட்டும் பார்த்த பழம்.
மேசையில் ஒரு கப் கூழ், லாரி எண் 7741,
செந்தூரா, பதினாறு, சற்று முன் நானே அளந்தது.
நூறு கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று
இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாமல்
யாருக்குத் தெரியும்?
குடித்தேன்.
ருசி ஞாபகமில்லை.
அம்சாவின் கடிகாரம்தான் ஞாபகம்,
பதினைந்து நிமிடம்,
அதில் ஒரு முள் ஒடிந்திருந்தது.

மறுபடி குத்தினாள். 91.
பிறகு களி டப்பாவைத் திறந்து
என் மடியில் வைத்துவிட்டு
லாரிக்காரனிடம் சண்டைக்குப் போனாள்.

விடிந்ததும் இரண்டு நோட்டையும் முடித்தேன்.
ஆலை நோட்டில், 7741க்கு நேரே:
மாதிரி தீர்ந்தது, மீண்டும் எடுக்கவும்.

என் நோட்டில் 206ஐ அடிக்கவில்லை.
பக்கத்தில் சின்னதாய் எழுதினேன்:
இது நானல்ல,
செந்தூரா.