மாற்று

திபிலிசியில் மழை. பட்டறை மேசையில்
அம்மாவின் இரண்டு மோதிரங்கள்.
அக்கா சியூரியின் அப்பா போட்டது ஒன்று;
அவர் பெயரை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.
என் அப்பா போட்டது மற்றது,
நாற்பது வருஷம் விரலைவிட்டு இறங்காதது.

ரெஸோ உரைத்தார். துளி அமிலம் விட்டார்.
என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:
"இது செம்பு. மேலே முலாம்."

பாலம் கட்டிய இன்ஜினியர் என் அப்பா.
அக்கா சிரிக்கவில்லை.
குடை சொட்டிய நீரைக்
காலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொக்கத் தங்கம் வளையும்.
கொஞ்சம் செம்பு எப்படியும் சேர்க்கணும்."

"இதிலிருந்தே வெட்டிப் போடுங்க," என்றாள்.
"அம்மா போட்டிருந்த செம்பு."

கை தொங்கிய திராட்சைக்கொடிச் சிலுவை,
என் மகளின் ஞானஸ்நானத்துக்கு.
வாங்கப் போனபோது
லேசாகச் சிவந்திருந்தது.